ஆங்கிலச் சொல்வளம்: தொகையும் மரபும்

ஒரு மொழியிற் புலமை பெற விரும்புவோன் அம்மொழியின் சொற்களைப் பெருக்கிக்கொள்ளல் வேண்டும் என்பது எவரும் மறுக்கவொண்ணாத உண்மையாகும். சொல்லின்றிக் கருத்தை வெளியிடுதல் இயலாது. நுண்ணிய கருத்தை நினைத்தலும் அரிது. ஆயினும், சொற்களைப் பெருக்குதல் யாது என்னும் வினாவும், பெருக்கிய சொற்களைத் தனதாக்கிக் கொள்ளுதல் யாது என்னும் வினாவும் ஒன்றல்ல. முன்னைய வினாவுக்குத் தொகை விடையாகலாம். பின்னையதற்குத் தொகை விடையாகாது. ஆங்கிலத்தில் உயர்தரச் சொல்வளம் பெறுதற்கென எழுந்த நூல்களிற் பல முன்னைய வினாவுக்கே விடை கூறுவன. அவற்றைக் கற்போரோ பின்னைய வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டதென எண்ணி அமைதியடைகின்றனர். இம்மயக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்ந்து, அத்தகைய நூல்களுள் மிகப் பெயர்பெற்ற ஒன்றினை நடுவுநிலை நின்று மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைத் தமிழ் மாணாக்கருக்கு இது வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. பௌதிகத்தையும் இரசாயனத்தையும் கணிதத்தையும் தமிழிற் கற்று, க. பொ. த. உயர்தரப் பரீட்சையிற் சிறப்பாகத் தேறும் மாணாக்கன், பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ விஞ்ஞான பீடத்திலோ புகுந்ததும் விரிவுரைகளை ஆங்கிலத்திற் கேட்கவும் நூல்களை ஆங்கிலத்திற் படிக்கவும் வேண்டியவனாகின்றான். பரீட்சை முடிந்தபின் அனுமதி கிடைக்கும்வரையுள்ள இடைக்காலத்திற் பலர் செய்யும் முயற்சி, சொல்வளம் பெருக்கும் நூலொன்றை வாங்கி, அதிலுள்ள சொற்களை அப்பியாசக் கொப்பியிலே ஒரு புறமும் அவற்றின் தமிழ்ப்பொருளை மறு புறமுமாக எழுதி மனனஞ் செய்தலாகும். அவ்வுழைப்புப் பயன்றருவதா என்பது, அவ்விளைஞரின் கல்வியோடும் எதிர்காலத்தோடும் நெருங்கிய தொடர்புடைய வினாவாகும்.

அருஞ்சொல்லே உயர்ந்த சொல் என்னும் எண்ணம் ஆங்கிலேயரிடத்தும் நெடுங்காலமாக நிலவியது. ஆங்கிலம் பல படைகளாக அமைந்த மொழி. அடித்தளத்தில் ஜேர்மானிய இனத்தைச் சேர்ந்த பழைய ஆங்கிலச் சொற்கள் உள்ளன. 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் அரசவை வழியாகவும் நீதிமன்றங்கள் வழியாகவும் வந்து படிந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களைப் பெருந்தொகையாகப் புகுத்தினர். இதனால் ஒரு கருத்துக்கு மூன்று படையிலும் சொற்கள் இருத்தல் ஆங்கிலத்திற் சாதாரணம். வினாவுதலைக் குறிக்கும் 'ஆஸ்க்' என்னும் சொல் வீட்டுக்கும் வீதிக்கும் உரியது. பிரெஞ்சு வழிவந்த 'குவெஸ்ச்சன்' ஐயத்தோடு வினாவுதலையும் முறைப்படி விசாரித்தலையும் உணர்த்துவது. இலத்தீன் வழிவந்த 'இன்ரெறகேற்' பொலீசார் குற்றஞ் சாட்டப்பட்டவனைத் துருவி வினாவுதற்கு உரியது. மூன்றும் 'கேட்டல்' என்னும் ஒரே தமிழ்ச்சொல்லால் எழுதப்படும்பொழுது, மூன்றுக்கும் இடையேயுள்ள தூரம் மறைந்துபோகின்றது. தன் ஆசிரியரிடம் ஓர் ஐயத்தைக் கேட்டதாக எழுதவந்த மாணாக்கன் மூன்றாவது சொல்லைத் தெரிந்தெடுப்பானாயின், ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவனாவான்.

அருஞ்சொல் மோகம் அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1553ஆம் ஆண்டிலே சொல்லணிக்கலை பற்றி நூல் எழுதிய தோமஸ் வில்சன், இலத்தீன் சொற்களை அளவின்றித் திணித்தெழுதுவோரை எள்ளி நகையாடினார். அவர்தம் நடைக்கு எடுத்துக்காட்டாக நகைப்புக்கிடமான கடிதம் ஒன்றையும் தம் நூலிற் சேர்த்தார். எனினும், ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள்கூறும் அகராதிகளுள் முதலாவதாகக் கொள்ளப்படும் றொபேட் கோட்றியின் நூல் 1604இல் வெளிவந்தபொழுது, அதில் இடம்பெற்றவை ஏறக்குறைய 2,500 கடுஞ்சொற்களே. அன்றாடச் சொற்களுக்குப் பொருள் கூறவேண்டும் என்னும் எண்ணமே அப்பொழுது வேரூன்றவில்லை. 1755இல் சாமுவேல் ஜோன்சன் 42,000க்கு மேற்பட்ட சொற்களோடு தம் பேரகராதியை வெளியிட்டபொழுது நிலைமை மாறிற்று. அவர் எளிய சொற்களுக்கும் இடமளித்தார். அதனினும் மேலாக, நல்லாசிரியர் நூல்களிலிருந்து 100,000க்கு மேற்பட்ட மேற்கோள்களை எடுத்துக்காட்டினார். ஒரு சொல்லின் பொருள் அச்சொல் வழங்கிய வாக்கியத்திலேயே விளங்கும் என்னும் உண்மையை அம்மேற்கோள்கள் நிலைநாட்டின. அகராதிக்கலை கண்ட இவ்வுண்மையைப் பிற்காலத்துச் சொல்வள நூல்கள் மறந்தமையே இங்கு ஆராயப்படும் குறையின் தோற்றுவாயாகும்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே சொல்வளம் ஒரு வாணிகப் பொருளாயிற்று. மனிதரின் இயல்பான திறமைகளை அளக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜோன்சன் ஓகொனர் என்பவர், 1934இல் எழுதிய கட்டுரையொன்றில், தொழிலில் உயர்ந்து விளங்குவோர் சொற்பொருட் சோதனைகளிலும் உயர்ந்து விளங்குகின்றனர் எனக் காட்டினார். இக்கருத்து விரைவிற் பரவிற்று. 1942இல் வில்பிரெட் பங்க் என்பவரும் நோர்மன் லூயிஸ் என்பவரும் சேர்ந்து, 30 நாட்களில் சொல்வன்மையைப் பெருக்குதற்கு வழிகாட்டும் நூலொன்றை வெளியிட்டனர். 1945 தொடக்கம் 'றீடர்ஸ் டைஜெஸ்ற்' சஞ்சிகையிற் சொல்வளப் பகுதியொன்றை பங்க் நடத்தி வந்தார். சொல்வன்மையைப் பெருக்குதல் ஊதியந் தரும் என்னும் பொருள்பட அப்பகுதியின் தலைப்பு அமைந்திருந்தமை கவனிக்கற்பாலது. 1949இல் லூயிஸ் தனியே எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' வெளிவந்தது. 1978இல் திருத்தி விரிவாக்கப்பட்ட அந்நூல் இன்றும் அச்சிடப்படுகின்றது. தென்னாசியப் புத்தகசாலைகளில் அதனைக் காணாதிருத்தல் அரிது.

இந்நூல்களின் அடிப்படைக் கோட்பாட்டில் ஒரு நியாயவழு உண்டு. உயர்ந்தோரிடத்துச் சொல்வளம் காணப்படுகின்றது என்பதிலிருந்து, சொல்வளத்தைச் சேர்த்தால் உயர்வு வரும் என்பது பெறப்படாது. பல்லாண்டுகள் பரந்து படித்தும், பலரோடு பழகியும், பொறுப்பான கடமைகளை ஆற்றியும் வந்தவனுக்குச் சொற்கள் தாமாகவே வந்து சேருகின்றன. அவை அவன் நடந்த வழியின் அடிச்சுவடுகள். அடிச்சுவடுகளைத் தரையிற் பதித்துவிட்டு வழிநடந்தேன் என்பார் உளராயின் அவர் எங்கும் சென்று சேரார். சொல்வளத்துக்கும் வாழ்க்கை வெற்றிக்கும் தொடர்பிருக்கலாம். ஆனால் அத்தொடர்பின் நடுவே கல்வி நிற்கின்றது. அதனை நீக்கிவிட்டு இருமுனைகளையும் இணைக்க முயல்வது விளம்பரத்துக்குப் பொருந்தும், கல்விக்குப் பொருந்தாது.

எனினும் லூயிசின் நூலை இக்காரணத்தால் மட்டும் புறக்கணித்தல் முறையன்று. அதன்கண் மூன்று சிறப்புக்கள் உள. முதலாவது, அது சொற்களை அகரவரிசைப்படி அடுக்காது கருத்துவரிசைப்படி தொகுக்கின்றது. மனிதரின் இயல்புகள், வைத்தியருள் வகைகள், பேச்சின் பழக்கங்கள் என ஒவ்வோர் அதிகாரமும் ஒரு பொருளைச் சுற்றி அமைந்துள்ளது. ஒரு பொருள்பற்றிய சொற்கள் ஒன்றையொன்று நினைவூட்டும் என்னும் உளநூல் உண்மை இங்கு நன்கு பயன்படுகின்றது. இரண்டாவது, சொற்களை வேரும் ஒட்டுமாகப் பிரித்துக்காட்டி, ஒரு வேரை அறிந்தவன் அதனின்று கிளைத்த பல சொற்களை ஊகித்தறியுமாறு வழிசெய்கின்றது. மூன்றாவது, கற்ற சொல்லை ஒருமுறையோடு விட்டுவிடாது, உச்சரிப்பு, பொருத்துதல், நிரப்புதல் முதலிய பயிற்சிகளாற் பலமுறை மீட்டற்குட்படுத்துகின்றது. ஆசிரியர் துணையின்றித் தனித்துக் கற்போனுக்கு இம்மூன்றும் பேருதவியாம்.

இந்நூலின் தகுதியையும் குறையையும் ஒருங்கே காட்டும் அதிகாரம், பொய்யரைப் பற்றியதாகும். அதில் 'பொய்யன்' என்னும் பெயரோடு சேர்ந்துவரும் பத்துப் பெயரடைகள் கற்பிக்கப்படுகின்றன. ஊரறிந்த பொய்யனைக் குறிக்க 'நொற்றோரியஸ்', கைதேர்ந்த பொய்யனைக் குறிக்க 'கொன்சமேற்', பழக்கத்தில் ஊறிய பொய்யனைக் குறிக்க 'இன்வெற்றரேற்', நாவன்மையால் ஏமாற்றும் பொய்யனைக் குறிக்க 'கிளிப்' என இவை செல்கின்றன. இறுதியில் வருவது 'இக்றீஜியஸ்' என்னும் சொல். பிற அதிகாரங்களினும் இது சிறந்ததென்றே கூறவேண்டும். ஏனெனிற் சொல் தனித்து நில்லாது துணையோடு வருகின்றது. 'பொய்யன்' என்னும் பெயருக்கு அருகே எவ்வடை இயல்பாக அமரும் என்பதை மாணாக்கன் செவியாலறிகின்றான்.

ஆனால் அவன் அறிந்தது ஒரு துணையை மாத்திரமே. 'கொன்சமேற்' என்பது கைதேர்ந்த கலைஞனையும் புகழும். கைதேர்ந்த பொய்யனையும் இகழும். தமிழிற் 'கைதேர்ந்த சிற்பி' என்றும் 'கைதேர்ந்த கள்ளன்' என்றும் வழங்குவது போன்றதே அது. 'இன்வெற்றரேற்' என்பதோ பெரும்பாலும் புகைபிடித்தல், சூதாடுதல் போன்ற விடாப்பழக்கங்களோடு வருவது. விளையாட்டாகப் புத்தகப் பித்தரையும் அது குறிக்கும். 'நொற்றோரியஸ்' என்பதற்கும் 'பேமஸ்' என்பதற்கும் கொப்பியில் 'பிரசித்திபெற்ற' என ஒரே பொருள் எழுதிய மாணாக்கன், ஈழத்துப் பேரறிஞர் ஒருவரை முன்னைய சொல்லாற் சிறப்பிப்பானாயின், அவரைக் கள்ளரோடும் கொலைஞரோடும் ஒருங்கு வைத்தவனாவான். பொருள் பிழைக்கவில்லை, ஊரறிந்தவர் என்றே அவன் கூறினான். பிழைத்தது சொல்லின் பழக்கம்.

'இக்றீஜியஸ்' என்னும் சொல் இன்னும் பெரிய பாடத்தைக் கற்பிக்கின்றது. இலத்தீனில் மந்தையைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து ஆங்கிலத்திற் பல சொற்கள் பிறந்துள. கூட்டமாக வாழும் இயல்பைக் குறிக்கும் 'கிரிகேரியஸ்', ஒருங்கு கூடுதலைக் குறிக்கும் 'கொங்கிரிகேற்', பிரித்து ஒதுக்குதலைக் குறிக்கும் 'செக்ரிகேற்', மொத்தத்தைக் குறிக்கும் 'அக்ரிகேற்' என்பன அவை. வேர்முறைக் கல்வியின் அழகு இங்கே புலனாகின்றது. ஒரு வேரால் ஐந்து சொற்கள் கைவருகின்றன. 'இக்றீஜியஸ்' என்பதற்கு வேர்வழிப் பொருள், மந்தையினின்றும் வெளியே தனித்து விளங்குவது என்பதாம். அப்படியாயின் அது புகழ்ச்சிச் சொல்லாதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்திற் புகழ்ச்சியாகவும் வழங்கியது. இத்தாலிய மொழியில் அதன் உடன்பிறப்பாகிய சொல் இன்றும் கடிதத்தில் ஒருவரை மரியாதையாக விளிக்கப் பயன்படுகின்றது. ஆனால் இக்கால ஆங்கிலத்தில் அது கொடிய பிழைகளுக்கும் வெட்கக்கேடான செயல்களுக்குமே அடையாக வரும். வேரை மட்டும் நம்பித் தன் அதிபரை அச்சொல்லால் வாழ்த்தும் மாணாக்கன், வாழ்த்துப்பாவில் வசைபாடியவனாவான்.

தமிழறிந்தோர்க்கு இது வியப்பன்று. 'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது. இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. பிறமொழியாளர் ஒருவர் பழைய நிகண்டொன்றைக் கற்று, விருந்தளித்தவரிடம் அவர் வீட்டு உணவின் நாற்றத்தைப் புகழ்ந்துரைப்பாராயின் விளைவு யாதாகும் என்பது சொல்லாமலே விளங்கும். வேர், சொல்லின் பிறப்பைக் கூறும், நடத்தையைக் கூறாது. ஒருவன் எக்குடியிற் பிறந்தான் என்பதை அறிந்தமையால் அவன் இன்று என்ன செய்கின்றான் என்பதை அறிந்தவராகோம் அன்றோ! ஆதலின், வேர்முறை நினைவுக்குத் துணையாகலாம், பொருளுக்குப் பிரமாணமாகாது. இவ்வேறுபாட்டை லூயிசின் நூல் போதிய அளவுக்கு வற்புறுத்தவில்லை என்பது அதன் முதற் குறை.

இரண்டாவது குறை, சொல்லுக்கும் பொருளுக்கும் ஒன்றுக்கொன்றான தொடர்பு உளதென்னும் தோற்றத்தை அதன் பயிற்சிகள் உண்டாக்குவதாகும். இடப்பக்கச் சொல்லை வலப்பக்கப் பொருளோடு கோடிட்டுப் பொருத்துவதில் வெற்றி பெற்றவன் சொல்லை அறிந்துவிட்டதாக எண்ணுவான். தமிழ் மாணாக்கனின் கொப்பி இம்மயக்கத்தை இரட்டிப்பாக்குகின்றது. 'ஸ்லிம்', 'தின்', 'லீன்', 'ஸ்கின்னி' ஆகிய நான்குக்கும் அவன் 'மெலிந்த' என எழுதுகின்றான். முதலாவது அழகைப் பாராட்டுவது, இரண்டாவது பொதுவானது, மூன்றாவது கொழுப்பின்றி உறுதியாயிருத்தலைச் சுட்டுவது, நான்காவது சற்றே இகழ்வது. நான்குக்கும் உரிய மனப்பாங்கு வேறாதலின், ஒன்றனிடத்தில் மற்றொன்றை வைப்பது வெறும் நடைப்பிழையாகாது. நட்பையே குலைக்கும் பிழையாகிவிடும்.

இங்குக் குறிப்பிடப்பட்டவை யாவும் தமிழ் இலக்கண மரபுக்குப் புதியனவல்ல. சொல்வளம் பெருக்குதற்குத் தமிழர் கண்ட கருவி நிகண்டு. சேந்தன் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலியவை ஒருபொருட் பலசொற்களையும் ஒருசொற் பல்பொருள்களையும் மனனத்துக்கேற்ற சூத்திரங்களாகவும் செய்யுட்களாகவும் தொகுத்தன. திண்ணைப்பள்ளி மாணாக்கர் அவற்றை இளமையிலேயே நெட்டுருச் செய்தனர். ஆனால் நிகண்டோடு கல்வி முடிந்துவிடவில்லை. நிகண்டு கற்றவன் உரையோடு இலக்கியங் கற்றான், இலக்கணமுங் கற்றான். வழு ஏழனுள் மரபுவழுவும் ஒன்றென நன்னூல் வகுத்தது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப்பெயர் ஒன்பதனையும் கூறி, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியதெனத் தொல்காப்பிய மரபியல் வரையறுத்தது. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன யாவற்றையும் அடக்கிய 'அடிசில்' என்னும் பொதுச்சொல்லோடு 'தின்றார்' என்றோ 'பருகினார்' என்றோ முடித்தல் வழுவாம். 'அயின்றார்' எனப் பொதுவினையால் முடித்தலே மரபு என்பர் உரையாசிரியர். இலக்கணங் கல்லாதவரும் யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் இம்மரபைப் பேணுகின்றனர். பூ ஆயப்படும், தேங்காய் பிடுங்கப்படும், கிழங்கு கிண்டப்படும். கிழங்கை ஆய்ந்தேன் என்பவனை எவரும் தமிழறிந்தவனாகக் கொள்ளார். அவன் நூறு கிழங்கின் பெயர்களை அறிந்திருப்பினும் ஆகும்.

மேலைத்தேயத்து மொழிநூலார் இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்தனர். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி, அது வழக்கமாக எச்சொற்களோடு கூடிவருகின்றது என்பதிலே தங்கியுள்ளது எனப் பிரித்தானிய அறிஞர் ஜே. ஆர். பேர்த் 1950களில் எடுத்துரைத்தார். கடும் தேநீரை ஆங்கிலேயர் 'ஸ்ரோங் ரீ' என்பர். 'பவர்புல் ரீ' என்னார். பெருமழையை 'ஹெவி றெயின்' என்பர். 'ஸ்ரோங் றெயின்' என்னார். இதற்கு நியாயங் கற்பித்தல் இயலாது, மரபென்றே கொள்ளவேண்டும்.

இவ்வகையில் ஏ. எஸ். ஹோண்பியின் பணி லூயிசின் பணியோடு ஒப்புநோக்கத்தக்கது. யப்பானில் ஆங்கிலங் கற்பித்த ஹோண்பி, பிறமொழி மாணாக்கருக்கென வேறிருவரோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளியாயிற்று. 1948இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் அதனை மீண்டும் வெளியிட்டது. பின்னர் உயர்நிலைக் கற்போருக்கான அகராதி எனப் பெயர்தாங்கி உலகெங்கும் பரவியது அந்நூலே. உயர்நிலை எனப் பெயர்தாங்கிய அந்நூல் அருஞ்சொற்களை வேட்டையாடவில்லை. வினைச்சொற்கள் வரும் வாக்கிய அமைப்புக்களை 25 ஆக வகுத்து, எவ்வினை எவ்வமைப்பில் வரும் என்பதைக் காட்டுதலிலேயே அது தன் உழைப்பைச் செலவிட்டது. இதன் அருமை தமிழ் மாணாக்கரின் பிழைகளை நோக்கினால் விளங்கும். கலந்துரையாடுதலைக் குறிக்கும் 'டிஸ்கஸ்' என்னும் வினை தன் செயப்படுபொருளை நேரே ஏற்பது. 'அதைப்பற்றிக் கலந்துரையாடினர்' என்னும் தமிழ்வழக்கின் வயப்பட்டு, நம் மாணாக்கர் அதன்பின் 'எபவுற்' என்னும் முன்னிடைச்சொல்லைச் சேர்த்துவிடுகின்றனர். பொய்யரின் வகை பத்தையும் ஒப்புவிக்கும் மாணாக்கன் இவ்வெளிய வினையிற் தவறுவானாயின், அவனுடைய சொல்வளம் உயர்நிலையடைந்ததெனக் கூறுவது எங்ஙனம்?

தொகையை நோக்கும் ஆய்வுகளுங்கூட இம்முடிபையே வலியுறுத்துகின்றன. 1953இல் மைக்கேல் வெஸ்ற் ஏறக்குறைய 2,000 தலைச்சொற்களைக் கொண்ட பொதுச்சொற் பட்டியலொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லின் பல பொருள்களும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதையும் அதில் அவர் காட்டினார். நியூசிலாந்து அறிஞர் போல் நேசன், நாவல்களையும் செய்தித்தாள்களையும் பிறர் உதவியின்றிப் படித்தற்கு, ஒரு வேரிற் கிளைத்தவற்றை ஒரு குடும்பமாக எண்ணின், 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என 2006இற் கணித்தார். ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் மட்டுமே தெரியாதிருக்கும் நிலையே அவர் கொண்ட அளவு. இத்தொகை சிறிதன்று, சொற்களைச் சேர்க்காமலே புலமை வரும் என்பார்க்கு இது தக்க மறுமொழியாகும்.

ஆயினும் எச்சொற்களைச் சேர்ப்பது? 2000ஆம் ஆண்டில் அவெரில் கொக்ஸ்கெட் என்பவர், கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் நூல்களை ஆராய்ந்து, வெஸ்றின் பட்டியலுக்கு அப்பாலுள்ள 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய 10 வீதம் இவற்றுள் அடங்கும், கதைநூல்களிலோ 1.4 வீதமே. பகுத்தாய்தல், சான்று, எடுகோள், குறிப்பிடத்தக்கது, வருவித்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களே அவை. அவற்றில் வியப்பூட்டும் அருஞ்சொல் எதுவுமில்லை. சபையில் ஒருவரை மயக்கவும் அவை உதவா. ஆனால் பல்கலைக்கழகத்துட் புகும் மாணாக்கன் நூலின் பக்கந்தோறும் சந்திப்பவை இவையே. மனிதவெறுப்பாளனையும் திருமண வெறுப்பாளனையும் குறிக்கும் சொற்களை மனனஞ் செய்து, சான்றுக்கும் நிறுவலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் உணர்த்தத் தெரியாதவன், ஊருக்குச் செல்லும் வழியை விட்டுத் திருவிழாக் கடைவீதியிற் பொழுதைப் போக்கியவனை ஒப்பான்.

இவற்றைக் கூறுமிடத்து எதிர்வாதமொன்று எழலாம். அருஞ்சொல் வேண்டா எனின் இலக்கியத்தையும் தத்துவத்தையும் படிப்பது எப்படி? ஆனந்த குமாரசுவாமி 1918இல் வெளியிட்ட சிவநடனம் பற்றிய கட்டுரைத் தொகுதியைச் சொல்வளமில்லாதவன் படித்தல் கூடுமா? மேலும், அருஞ்சொற்கள் படிக்கும் நூல்களில் மிக அருகியே வருதலின், படிப்பினால் மட்டும் அவற்றைப் பெறுதற்கு நெடுங்காலஞ் செல்லாதா? இவ்வாதம் வலியுடையது, தள்ளத்தக்கதன்று. ஆனால் குமாரசுவாமி அருஞ்சொல்லைக் கையாண்டது அருமைக்காகவன்று. வேறு சொல்லால் அந்நுண்பொருள் அகப்படாமையாலேயே. மறுபுறத்தில், 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியிற் சேவைதொடங்கிய லெனாட் வூல்ப், பின்னர் 1913இல் வெளியிட்ட 'காட்டினுள்ளே கிராமம்' என்னும் பொருள்தரும் தலைப்புடைய நாவலிற் பெரும்பாலும் எளிய சொற்களாலேயே இலங்கைக் குடியானவரின் துயரைக் காட்டினார். இருவரும் சொல்வளம் மிக்கவரே. ஒருவர் அதைச் செலவிட்டார், மற்றவர் அடக்கிவைத்தார். எப்பொழுது செலவிடுவது, எப்பொழுது அடக்குவது என அறிதலும் சொல்வளத்தின் பாற்பட்டதே. நடை பற்றி நூலெழுதிய பௌலர் சகோதரர் 1906இலும், அரசியல் மொழியைக் கண்டித்தெழுதிய ஜோர்ஜ் ஓவெல் 1946இலும் ஆங்கிலேயருக்கு நினைவூட்டியதும் இவ்வடக்கத்தையே.

எனவே, 'வேர்ட் பவர் மேட் ஈஸி' போன்ற நூலுக்கு உரிய இடம் நிகண்டுக்கு உரிய இடமாகும். நிகண்டைக் கல்லாதவன் இலக்கியத்துட் புகுதல் கடினம்; நிகண்டையே இலக்கியமாகக் கொண்டவன் இலக்கியத்துட் புகுவதேயில்லை. அந்நூல் கற்பிக்கும் சொல்லைக் கண்டறியுஞ் சொல்லாகக் கொள்ளலாம். கையாளுஞ் சொல்லாகக் கொள்ளுதற்கு முன், நல்லாசிரியர் வாக்கியங்களில் அதனை வேறுவேறு துணைகளோடு பலமுறை கண்டிருத்தல் வேண்டும். மாணாக்கனின் கொப்பியும் அதற்கேற்ப மாறவேண்டும். சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை எழுதுவதற்குப் பதிலாக, அச்சொல் வந்த வாக்கியத்தையும், அதன் முன்னும் பின்னும் வந்த துணைச்சொற்களையும், அது புகழுமா இகழுமா என்பதையும், வீட்டுக்குரியதா ஏட்டுக்குரியதா என்பதையும் எழுதுவானாயின், நாளொன்றுக்கு இருபது சொல் எழுதியவன் மூன்று சொல்லே எழுதக்கூடும். தொகை குறையும்; ஆனால் எழுதிய மூன்றும் அவனுக்கே உரியனவாகும்.

வகுப்பிற் சோதனை வைப்போரும் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. ஐம்பது சொற்களுக்குப் பொருள் எழுதுக என்னும் வினா, நினைவை மட்டும் அளக்கும். ஐந்து சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் பொருந்தும் வாக்கியம் ஒன்றும், அதன் ஒத்தபொருட் சொல் பொருந்தாத வாக்கியம் ஒன்றும் எழுதுக என்னும் வினா, மரபறிவை அளக்கும். முன்னைய சோதனையிற் தேறியவன் சொற்களை எண்ணத் தெரிந்தவன். பின்னையதிற் தேறியவன் சொல்லத் தெரிந்தவன். தாய்மொழியின் சொல்மரபை நுணுகி அறிந்த மாணாக்கன், பிறமொழிக்கும் அத்தகைய மரபு உண்டென்பதை எளிதில் உணர்வான். ஆகவே ஆங்கிலச் சொல்வளத்துக்கான பயிற்சி, தமிழ் வகுப்பிலே மரபியல் கற்பிக்கும் அன்றே தொடங்கிவிடுகின்றது எனலாம்.